வடக்குப் பார்த்த பால்கனியில் பெட்டுனியா படுத்துவிட்டது: தில்லியில் எந்த மாதத்தில் எதை நடுவது?

மூன்றாம்மாடி, துவாரகா

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்திலிருந்து தில்லிக்குக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஊரில் கொல்லைப்புறத்தில் எதைப் போட்டாலும் வரும். மாமியார் பூசணி அரிந்துவிட்டு விதையை வீசிய மூலையில் கொடி தானாக முளைத்துக் கூரை ஏறிக் காய்த்தது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் இங்கே செடிகளுக்கு எமனாக இருக்கிறேன்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று கேட்டு வளர்ந்த காதுதானே. ஆடியில் வெண்டை, கத்தரி, அவரை மூன்றையும் தொட்டியில் போட்டேன். கத்தரியும் அவரையும் மழையில் அழுகின. வெண்டை மட்டும் ஒரு சாம்பாருக்குக் காய் கொடுத்தது. அதோடு நின்றிருக்கலாம். தசரா முடிந்த சனிக்கிழமை ஆட்டோ பிடித்துச் சாலையோர நர்சரி ஒன்றுக்குப் போனேன். பெயர் வேண்டாம், அடுத்த மாதமும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

எனக்கு வேண்டியது சாமந்தி. என் இந்தி அரைகுறை. சாமந்தி, சாமந்தி என்று சொல்லிவிட்டு மாலை தொடுப்பதுபோல் கையால் காட்டினேன். அவர் உற்சாகமாகக் ‘கேந்தா’ என்று செண்டுமல்லித் தொட்டிகளைத் தூக்கி வைத்தார். ஒவ்வொன்றிலும் ஆரஞ்சுப் பந்துபோல் ஐந்தாறு பூ. மறுக்க மனம் வரவில்லை, ஆறு தொட்டி வாங்கினேன். கூடவே பெட்டுனியா என்ற பூச்செடியில் இரண்டு டஜன் நாற்று, ஈரச் செய்தித்தாளில் கறிவேப்பிலைக் கட்டுபோல் சுருட்டிக் கொடுத்தார். மொத்தம் 1,140 ரூபாய்.

ஒன்பது நாளில் இருபத்து நான்கு பெட்டுனியாவில் பதினேழு போய்விட்டன. வாடியிருந்தால் தண்ணீர் போதவில்லை என்று புரிந்துகொள்வேன். வாடவே இல்லை. இலை பச்சையாகத்தான் இருக்கிறது. மண்ணை ஒட்டிய இடத்தில் மட்டும் தண்டு பழுப்பாகி, தையல் நூல் அளவுக்கு இளைத்து, முதல் நாள் நிமிர்ந்து நின்ற நாற்று மறுநாள் காலையில் சாய்ந்து கிடக்கிறது. செண்டுமல்லியில் வரும்போது இருந்த பூவெல்லாம் முடிந்தது, புதிதாக ஒரு மொட்டுகூட இல்லை.

நர்சரிக்காரரிடம் போனால் முதல் தடவை தண்ணீர் குறைவு என்றார். இரண்டு வேளையாக்கினேன். இரண்டாம் தடவை தண்ணீர் அதிகம் என்றார். கூடவே 180 ரூபாய்க்கு ஒரு மருந்துப் புட்டியும் விற்றார்.

பால்கனி வடக்குப் பார்த்தது, சூடே கிடையாது, அதனால் அந்தக் குறை இல்லை. மண் நர்சரியிலேயே வாங்கியது. இங்கே எந்த மாதத்தில் எதை நட வேண்டும், நர்சரியில் எதைப் பார்த்து வாங்க வேண்டும், யாராவது தமிழில் சொல்லுங்களேன். இன்னொன்று: போன ஜனவரியில் என் கறிவேப்பிலை முழுக்க மொட்டையாகிச் செத்துப்போனது, தூக்கி எறிந்துவிட்டேன். மார்ச்சில் வேறொன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதையாவது காப்பாற்ற வழி உண்டா?


அந்திமந்தாரை, ரோகிணி

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு. வாழைப்பழத் தோலை மூன்று நாள் ஊறவைத்து அந்தத் தண்ணீரையும் ஊற்றுங்கள். என் செடிகள் எல்லாம் இதில்தான் நிற்கின்றன. கவலை வேண்டாம் தோழி.


மண்புழு, இந்தர்புரி

எப்சம் உப்பு மக்னீசியக் குறைக்குக் கொடுப்பது. இங்கே செடிக்குப் பசி இல்லை, நோய். நீங்கள் எழுதியிருக்கிற ‘தையல் நூல்’ ஒன்றே போதும், இது நாற்றழுகல். நாற்றங்கால் போட்ட எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நோய்ப் பூஞ்சணங்கள் மண்ணிலேயே இருக்கும். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்து, காற்றோட்டமும் வெயிலும் இல்லாவிட்டால், இளந்தண்டை மண்மட்டத்தில் அறுத்துவிடும். வேர் அறுந்தது இலைக்குத் தெரிய ஒரு நாள் ஆகும், அதனால்தான் பச்சையாகவே சாய்கிறது. அந்த நிலையில் இரண்டு வேளை தண்ணீர் என்பது நோய்க்கு விருந்து.

சாய்ந்தவற்றைச் சுற்றியிருக்கிற மண்ணோடு சேர்த்து எடுத்துக் குப்பையில் போடுங்கள், வேறு தொட்டிக்கு உரமாக்காதீர்கள். மிச்சமிருக்கிற ஏழையும் புது மண்ணுக்கு மாற்றுங்கள். தோட்டமண் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, தென்னைநார்த் தூளும் மணலுமாக ஒரு பங்கு. கடையில் கிடைக்கும் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத் தூளைக் கொஞ்சம் சாணத்தில் கலந்து, ஈரம் காட்டி ஒரு வாரம் நிழலில் மூடி வைத்துப் பிறகு மண்ணோடு சேர்த்தால் நல்லது. ஆனால் அது வருமுன் காப்பதற்கு. படுத்த செடியை எழுப்பாது. தொட்டியின் அடித்துவாரத்தைக் குச்சியால் குத்திப் பாருங்கள். ஆடியில் கத்தரி அழுகியதற்கும் அந்தத் துவாரம்தான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

அந்த 180 ரூபாய்ப் புட்டியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். பூச்சிமருந்தாக இருந்தால் பூஞ்சணத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.


பென்ஷன் தோட்டக்காரன், ராமகிருஷ்ணபுரம்

மேலே எழுதிய தம்பி நோயைச் சரியாகச் சொல்லிவிட்டார். அது வந்த வழியை நான் சொல்கிறேன். அம்மா, ‘அந்தக் குறை இல்லை’ என்று ஒரே வரியில் கடந்துபோனீர்களே, குறை அங்கேதான் இருக்கிறது. வடக்குப் பார்த்த பால்கனி.

நான் 1983இல் வேலைக்காக இங்கே வந்தவன். நம் ஊரில் வடக்குப் பார்த்த வீடு என்றால் வாடகை கூடுதலாகக் கொடுப்போம். அந்த நினைப்பில் முதல் வருடம் நானும் அரசுக் குடியிருப்பில் வடக்குச் சுவரோரமாகத் தொட்டிகளை வரிசையாக அடுக்கினேன். மார்ச் வரை இலையைத்தான் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சர்தார்ஜி, தெற்குப் பக்கம் உடைந்த வாளியில் நட்டிருந்த பெட்டுனியா வாளியே தெரியாதபடி பூத்து வழிந்தது. அவர் என்னை ஒருநாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வானத்தைக் காட்டினார்.

செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போய்விடுகிறது. அன்றிலிருந்து மார்ச் 21 வரை தில்லியில் வடக்குச் சுவரில் நேர் வெயில் ஒரு நிமிடம்கூட விழாது. உங்கள் வெண்டை காய்த்தது ஏன் என்று இப்போது புரிகிறதா? ஜூலையில் சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைகிறது, காலையிலும் மாலையிலும் சாய்வெயில் உங்கள் பால்கனிக்குள் வந்துபோகும். ஆடிப்பட்டத்தின்மேல் பழி போடாதீர்கள், வெண்டைக்கு அது இங்கேயும் சரியான பட்டம்தான்.

கும்பகோணத்திலும் மார்கழியில் வடக்குச் சுவருக்கு வெயில் கிடையாது. ஆனால் அது கொல்லை, திறந்தவெளி. டிசம்பர் நண்பகலில் அங்கே சூரியன் சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். இங்கே 38தான். பத்தடி மதிலின் நிழல் அங்கே ஏழடி விழுந்தால் இங்கே கிட்டத்தட்ட பதின்மூன்றடி விழும். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெட்டுனியாவுக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வெயில் இல்லை, ஈரம் காயவில்லை, நீங்களோ இரண்டு வேளை ஊற்றினீர்கள்.

மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். தெற்கு அல்லது கிழக்கு வெயில் விழுகிற கைப்பிடிச் சுவர் ஓரம் போதும்.

இனி மாதக் கணக்கு. நம் பஞ்சாங்கத்தை வைத்தே சொல்லலாம், ஆனால் மழையை மறந்துவிட்டுப் படியுங்கள். ‘ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை’ என்பது காவிரிக்கரைக்கு. இங்கே புரட்டாசி பாதியிலேயே பருவமழை விடைபெற்றுவிடும், ஐப்பசி வறண்டு கிடக்கும். அந்த வறட்சியில்தான் தில்லியின் நடவுக்காலம் ஆரம்பிக்கிறது. புரட்டாசியில் விதை, ஐப்பசியில் நாற்று, தையிலிருந்து பங்குனி தொடக்கம் வரை பூ. பங்குனி முடிவதற்குள் வெயில் எல்லாவற்றையும் பொசுக்கிவிடும். இவை ஒரு பருவச் செடிகள், அதற்காக அழக்கூடாது.

நாற்று நட நான் நாள் பார்ப்பதில்லை, குழாயைப் பார்ப்பேன். நண்பகலில் மாடித் தண்ணீர்த்தொட்டிக் குழாயைத் திறந்தால் முதலில் வரும் தண்ணீர் கையைச் சுடக்கூடாது. சுடுகிறவரை பெட்டுனியா, பான்சி, டயாந்தஸ் போன்ற குளிர்காலப் பூச்செடி எதையும் தொடமாட்டேன். தசராவுக்கு மறுநாளே நர்சரிகளில் கட்டுக்கட்டாக நாற்று வந்துவிடும், ஆனால் பகலில் அப்போதும் 34, 35 டிகிரி காயும். நீங்கள் இரண்டு வாரம் அவசரப்பட்டுவிட்டீர்கள். தீபாவளியை ஒட்டி, அல்லது அது முடிந்து நடுங்கள். நவம்பர் நடுவில் நட்டாலும் குற்றமில்லை.

நர்சரியில் பூவைப் பார்த்து வாங்கக்கூடாது. இதைப் பெண் பார்க்கிறபோது சொன்னால் அடிப்பார்கள், செடிக்குச் சொல்லலாம். பந்துபோல் பூத்து நிற்கிற செண்டுமல்லி தன் வேலையை அந்தச் சின்னத் தொட்டியிலேயே முடித்துக்கொண்டது. தொட்டியைச் சாய்த்து அடியைப் பாருங்கள், வேர் துவாரத்துக்கு வெளியே வந்து சுருண்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். குட்டையாக, தண்டு தடித்து, கீழ்இலை மஞ்சளாகாமல், மொட்டே இல்லாத செடியைக் கேளுங்கள். நர்சரிக்காரர் உங்களை விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். கட்டு நாற்றை வாங்கிய அன்று மாலையே நட வேண்டும், மூன்று நான்கு நாள் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்கு நகர்த்த வேண்டும். புதுத்தளிர் விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். மனசு வராது. கிள்ளாவிட்டால் ஒற்றைக் குச்சியின் உச்சியில் ஒரே ஒரு பூதான் மிஞ்சும்.

விதை போடுகிறேன் என்று இறங்குவதாக இருந்தால் பெட்டுனியாவில் இறங்காதீர்கள். ஒரு கிராமில் 10,000 விதை வரை இருக்கும், தும்மினால் போயிற்று. நாஸ்டர்ஷியம் போடுங்கள். விதை கொண்டைக்கடலை அளவு இருக்கும், விரலால் குழி குத்திப் போட்டால் போதும். அதற்கு உரம் போட்டால் இலைதான் வரும், பூ வராது. சத்துக் குறைந்த மண்ணில்தான் நன்றாகப் பூக்கும். இலையை மென்றால் கடுகு போல் காரம். அதை வைத்துத் துவையல் அரைத்துப் பார்த்தேன், வீட்டில் யாரும் பாராட்டவில்லை.

சாமந்திக்கு வருகிறேன். இங்கே அதற்குப் பெயர் குல்தாவுதி. அதை இப்போது மொட்டோடு வாங்குவதில் தவறில்லை, நவம்பர், டிசம்பரில் பூக்கும். பகல் குறைந்து இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கிற செடி அது. 1994இல் ஒரு தொட்டியை மாடிப்படி டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தேன். மற்றவை எல்லாம் பூத்து ஓய்ந்த பிறகும் அது பச்சையாகவே நின்றது. விளக்கு விடிய விடிய எரிந்ததில் அதற்கு இரவே வரவில்லை. பூ முடிந்ததும் எறியாதீர்கள், நான்கு விரல்கடை விட்டு வெட்டினால் அடியிலிருந்து பக்கக்கன்று வரும். அதை மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காமல் காப்பாற்றிவிட்டால் அடுத்த வருடம் வாங்க வேண்டியதில்லை.

கறிவேப்பிலை. எழுதக் கை கூசுகிறது அம்மா, நீங்கள் எறிந்தது உயிருள்ள செடியாகத்தான் இருக்கும். ஜனவரிக் குளிரில் இங்கே அது இலை கொட்டிவிட்டுத் தூங்கும். நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை தெரியும். அந்தக் காலத்தில் உரம் கூடாது, தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை, அதுவும் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு. ஹோலி வாக்கில் துளிர்க்கும். மல்லிகையும் அப்படித்தான். கனகாம்பரம் தாங்காது, வீட்டுக்குள் சன்னலோரம் எடுத்துவையுங்கள். துளசிக்கு இங்கே சிவப்புத் துப்பட்டா போர்த்தியிருப்பார்கள். வெறும் பக்தி என்று நினைத்திருந்தேன். பனிக்கும் அதுதான் போர்வை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உமாயூன் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிற சுந்தர் நர்சரிக்குப் போய்வாருங்கள். புதுத்தில்லி எழும்பியபோது சாலை மரங்களுக்குக் கன்று வளர்த்த இடம். 2018இல் பூங்காவாகப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். தை, மாசியில் போனால் எந்தச் செடி எந்தத் திசை வெயிலில் எப்படி நிற்கிறது என்று கண்ணாலேயே பாடம் படிக்கலாம்.


ரெடிமேட் ரோஜா, வசந்த் குஞ்ச்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? நான் ஜனவரி கடைசியில் போய்ப் பூத்த தொட்டிகளாகப் பத்து வாங்குவேன். மார்ச்சில் வாடினால் காவலாளியிடம் கொடுத்துவிடுவேன். திசை, நுனி கிள்ளல் ஒன்றும் கிடையாது. பூ வேண்டுமென்றால் பூவை வாங்குங்கள்.


பென்ஷன் தோட்டக்காரன், ராமகிருஷ்ணபுரம்

அதுவும் ஒரு வழிதான், மறுக்கவில்லை. கல்யாணத்துக்குச் சமையற்காரர் வைப்பது மாதிரி. ஆனால் இந்த அம்மாளுக்கு வடக்குப் பால்கனி. பூத்ததை வாங்கி வைத்தாலும் இருக்கிற மொட்டு விரிந்ததோடு நின்றுவிடும். அங்கேயே பூ வேண்டுமென்றால் சினரேரியா ஒன்றுதான் என் அனுபவத்தில் நிழலோடு சமாதானமாகப் போகிறது. நீலமும் ஊதாவுமாக வரும். அதற்கும் வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம்.


நூல்கோல், மயூர் விஹார்

பூவைப் பற்றி ஐயா எல்லாம் சொல்லிவிட்டார். தோழி, நான் சோற்றுக்கட்சி. மாடியில் இடம் கிடைத்தால் பாதியைக் கீரைக்கு விடுங்கள்.

வெந்தயக்கீரைக்கு நர்சரிக்கே போக வேண்டாம், அஞ்சறைப்பெட்டி போதும். ஒரு கைப்பிடி வெந்தயத்தை இரவு ஊறவைத்து அகலத் தட்டில் தூவினால் நான்கு நாளில் முளை தெரியும். கொத்தமல்லி விதையைச் செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும் என்று என் பாட்டி சொல்வாள். நான் சப்பாத்திக் கட்டையால் உருட்டுகிறேன். அது முளைக்கப் பத்து நாள்கூட ஆகும். ஐந்தாம் நாளே கிளறிப் பார்க்காதீர்கள், நான் செய்திருக்கிறேன். பாலக் இரண்டு வாரத்துக்கு ஒரு தொட்டியாக விதைத்தால் வெட்ட வெட்ட வரும்.

விதையை நான் பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் வாங்குகிறேன். அங்கே ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். முள்ளங்கி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். பூசா சேத்கி வெயில் காலத்துக்கு, பூசா ஹிமானி குளிருக்கு. கேரட்டில் பூசா ருதிரா என்று சிவப்பு ரகம் இருக்கிறது, ஆழத் தொட்டி வேண்டும். நீங்கள் தவறி வாங்கிய கேந்தாவிலும் பூசா நாரங்கி கேந்தா என்று ஒரு ரகம் உண்டு. அடுத்த வருடம் தெரிந்தே வாங்குங்கள்.

என் பெயர்க்காரணமான நூல்கோலுக்கு இங்கே காந்த் கோபி என்று பெயர். நாற்றாகக் கிடைக்கும். ஐப்பசியில் ஒரு சாணுக்கு ஒன்றாக நட்டால் மார்கழியில் கூட்டு வைக்கலாம். டென்னிஸ் பந்து அளவிலேயே பறித்துவிடுங்கள். இன்னும் பெருக்கட்டும் என்று ஆசைப்பட்டால் நார் ஏறி மரக்கட்டை ஆகிவிடும்.

உரத்துக்கு ஊரில் கடலைப்புண்ணாக்கு ஊறவைப்போமே, இங்கே கடுகுப்புண்ணாக்கு. அரைக் கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் போட்டு ஒரு வாரம் ஊறவைத்து, ஒன்றுக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து, வடிந்த டீ நிறத்துக்குக் கொண்டுவந்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊற்றுங்கள். சினிமா அரங்கு வரை நாற்றம் போகும். இறுக்கமாக மூடி வையுங்கள்.

தென்னைநார்த் தூளுக்கு இங்கே கேட்கிற விலையைப் பார்த்தால் ரத்தக்கொதிப்பு வரும். போன மாதம் வாங்கிய கட்டியின் உறையைத் திருப்பினால் பொள்ளாச்சி என்று போட்டிருந்தது. ஊரில் எங்கள் மாமா தோப்பில் அந்தக் கழிவு மலைபோல் கிடக்கும். நான் இங்கே அதற்குப் பணம் கொடுத்துச் சுமந்துகொண்டு வருகிறேன்.

தீபாவளியோடு புகை வந்துவிடும், வயல்களில் நெல்தாள் எரிக்கிற புகையும் சேரும். இலைமேல் படிகிற கரியைக் காலையில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள். மாலையில் கூடாது, பனியும் சேர்ந்து இலை இரவெல்லாம் ஈரமாகவே இருக்கும்.


மூன்றாம்மாடி, துவாரகா

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும், இப்போது டிசம்பர் முதல் வாரம். நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் புட்டி பூச்சிமருந்துதான். மண்புழு சொன்னபடி குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது தொட்டிகளில் ஐந்துக்குத் துவாரமே இல்லை. தொழிற்சாலையில் குத்தாமல், வட்டமாகக் கோடு மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இஸ்திரிப் பெட்டிக்காரரிடம் ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வாங்கித் துளைபோட்டேன்.

மாடிச் சாவி நான்காம் மாடிப் பஞ்சாபிப் பாட்டியிடம் இருந்தது. பாட்டி சாவியைக் கொடுத்துவிட்டார், ஆனால் தெற்குச் சுவர் அவருடைய ரஜாய்களுக்கு, அதாவது பஞ்சு வைத்த குளிர்காலப் போர்வைகளுக்கு. குளிர் வந்தால் வீட்டிலுள்ள ஆறு ரஜாய்களையும் காலை பத்து முதல் மூன்று வரை அங்கேதான் காயப்போடுவார். என் செடிகளுக்கும் அதே பத்து முதல் மூன்று. மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு சுவரின் மேல்பக்கம் ரஜாய்க்கு, அடிப்பக்கம் தொட்டிகளுக்கு என்று முடிவானது. அதில் ரஜாய் நிழல் தொட்டிமேல் விழுந்தது. மறுபடி பேசினேன். இப்போது தொட்டிகள் இரண்டடி தள்ளி முன்னால் நிற்கின்றன, அதற்கு ஈடாகப் பாட்டிக்கு வாரம் ஒரு கட்டு வெந்தயக்கீரை. அவர் அதில் செய்த பராத்தாவை எனக்கே கொடுத்தனுப்புகிறார், ஆக நட்டம் இல்லை.

ஏழு பெட்டுனியாவில் நான்கு பிழைத்தன. தீபாவளி முடிந்து குழாய்த் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேறு நர்சரியில் மொட்டில்லாத நாற்றாகப் பத்து வாங்கினேன். ஐயா சொன்ன மாதிரியே அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பூத்ததைத்தான் எல்லோரும் கேட்பார்கள் என்றார். நுனி கிள்ளும்போது மூன்றாவது செடி வரை கை நடுங்கியது, பிறகு பழகிவிட்டது. கிள்ளிய இடத்துக்குக் கீழே ஒவ்வொரு இலைக்கணுவிலும் பச்சை மிளகு அளவில் இரண்டு முளை எட்டிப் பார்க்கிறது. தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணுகிறேன். பூ இன்னும் இல்லை.

நூல்கோல் அவர்களே, உங்கள் கடுகுப்புண்ணாக்கைப் பற்றி ஒரு வாக்குமூலம். பால்கனியில் வாளியில் ஊறவைத்தேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை. ஐந்தாம் நாள் காலை குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சமையல் எரிவாயு கசிகிறது என்று ஒருவர் எழுத, ஆமாம், எங்கள் பக்கமும் என்று இருபது பேர் எழுத, குழாயைச் சோதிக்க ஆள் வந்துவிட்டார். அவர் ஒவ்வொரு மாடியாக மோப்பம் பிடித்துக்கொண்டு ஏறி என் வீட்டு வாசலுக்கு வந்தபோது நான் வாளியைக் குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தேன். கசிவு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இது இங்கே இருக்கிற உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

குல்தாவுதி வாங்கினேன், மஞ்சள். திருக்கார்த்திகை அன்று சாமிக்கு வைக்கிற அளவுக்குப் பூத்தது. ஆறு செண்டுமல்லியில் ஒன்று மாடிக்குப் போனதும் மறுபடி மொட்டு வைத்திருக்கிறது. மற்ற ஐந்தும் தேறவில்லை.

வடக்குப் பால்கனியில் இப்போது ஒரு சினரேரியாவும் கொடிக்கயிற்றில் காய்கிற துணியும்தான். கறிவேப்பிலை நேற்று முதல் இலையைக் கொட்ட ஆரம்பித்துவிட்டது, இன்று காலை வரை பதினொன்று. நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருக்கிறது. எறியவில்லை.


பென்ஷன் தோட்டக்காரன், ராமகிருஷ்ணபுரம்

தினமும் கீறிப் பார்க்காதீர்கள் அம்மா. ஒரு தடவை போதும்.